கழுத்தில் ஏறும் லேபிள்

தையல் கடையின் சரவிளக்கில் பாதி பல்பு எரியவில்லை. பளிங்குத் தரையில் பிளாஸ்டிக் உறையோடு ஐம்பது கோட்டுகள் வந்து குவிந்திருக்கின்றன. கட்டிங் மாஸ்டர் ஒன்றை எடுத்துக் கசக்குகிறார். பசை போட்டு ஒட்டிய துணி காகிதம்போல் மொடமொடக்கிறது. இந்தக் கடையில் வாடிக்கையாளருக்கு மூன்று முறை போட்டுப் பார்த்து, மாஸ்டர் தலையாட்டிய பிறகுதான் கோட்டின் கழுத்தில் கடையின் லேபிள் ஏறும். "வெளியில வாங்கினதுன்னு யாருக்குத் தெரியப்போகுது மாஸ்டர்? நம்ம லேபிளைத் தச்சு விடுங்க" என்கிறார் சின்ன முதலாளி. மாஸ்டருக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறுகிறது. லேபிள் கட்டை மேசையில் அறைகிறார். "தைக்கிறேன். மொதல்ல உங்க கோட்டைக் கழட்டிட்டு, இதுல ஒண்ணப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் நில்லுங்க!" சின்ன முதலாளியின் கை தன் கோட்டின் பொத்தானை இறுகப் பொத்திக்கொள்கிறது. அவருடைய கல்யாணத்துக்கு மாஸ்டர் வெட்டித் தைத்த கோட்டு அது.