சொட்டின் வேகம்

மகனைப் புதைத்த நாளிலிருந்து அவன் வளர்த்த பச்சோந்தி தண்ணீர் குடிக்கவில்லை. ஞானராஜ் பழைய சிறிய அலமாரியின் கதவைக் கழற்றிக் கொசுவலை அடித்து, உள்ளே செம்பருத்திக் கிளை செருகி, அந்தக் கூண்டை மகனின் கட்டில்மேல் வைத்தார். கிண்ணத்துத் தண்ணீரை அது சீண்டவில்லை.

"இலையில வடிஞ்சாத்தான் நக்கும்னு ஜெபின் சொல்லுவான்," என்றாள் அவர் மனைவி எஸ்தர்.

மகனுக்கு ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில் ஒன்று மூலையில் கிடந்தது. அதைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, கட்டிலுக்கு மேலே அது முன்பு தொங்கிய அதே ஆணியில் தொங்கவிட்டார். குழாயின் நுனியை இலைக்கு மேலே வைத்து, குழாயிலிருந்த சிறு சக்கரத்தைத் திருகினார். தண்ணீர் ஓடியது.

"மெதுவா விடுங்க," என்று எஸ்தர் பதறினாள். "கை கடுக்கும் அவனுக்கு."

அவர் வேகத்தைக் குறைத்தார். பச்சோந்தியின் ஒரு கண் சொட்டைப் பார்த்தது, இன்னொன்று அவளைப் பார்த்தது. இருவரும் கட்டிலின் இருபுறமும் பழையபடி உட்கார்ந்துகொண்டார்கள்.