தாரை வார்க்கும் முன்

சாலைக் கடைத்தெரு அரிசி வியாபாரி ஆறுமுகசாமி இளைய மகளின் மணவறை ஓரத்தில் நிமிர்ந்து நிற்கிறார். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்வரை தகப்பன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். தலை லேசாகச் சுற்றுகிறது. மூத்த மகள் சுஜா, தன் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்துவரும் பட்டையை மேல்துண்டின் மறைவில் அவர் மணிக்கட்டில் கட்டுகிறாள். ஊசி குத்தாமல், தோலில் மெல்லிய மின்சாரம் ஓட்டிச் சர்க்கரை அளவைச் சொல்லும் பட்டை அது. திரையில் நாற்பத்தெட்டு. “அப்பா, இது ரொம்பக் கொறவு. சீனித்தண்ணி குடிக்கணும். இல்லேன்னா விரல்ல குத்திப் பாக்கட்டா?” “மணவறையில வச்சு ரத்தமா? சம்பந்தக்காரங்க பாத்துக்கிட்டு இருக்காங்க, மக்களே. விழுந்தா விழுதேன்.” மாப்பிள்ளை வீட்டு முன்வரிசை முழுவதும் இந்தப் பக்கமே பார்க்கிறது. சுஜா பட்டையைக் கழற்றுகிறாள். அடியில், காலையில் குழைத்துப் பூசிய திருநீறு மூன்று கோடுகளாகக் காய்ந்து கிடக்கிறது. “கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு அப்பா. இதுக்கு மேல கெட்டினா மிஷின் என்னத்த அளக்கும்?” ஈரக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அவள் பட்டையை மறுபடி கட்டுகிறாள்; அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் கொடுக்கிறார். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எண்கள் ஓடி நிற்கின்றன. நூற்றுப் பன்னிரண்டு. “ஒரு குழப்பமும் இல்ல, கேட்டியளா. வெறும் வயித்து மயக்கம்தான். போங்க.” அவர் நீளமாக மூச்சு விடுகிறார். சம்பந்தியின் கண்ணை நேராகப் பார்த்துச் சிரித்து, யார் தோளையும் பிடிக்காமல் மணவறைப் படி ஏறுகிறார்.