ரிசர்வ் நிலத்துச் சமையலறை

“ரோடு போட இருபது வருஷம் ஆகும் லா! அதுவரைக்கும் என் கிச்சன் இங்கதான்!” என்று கொர்னேலியஸ் கத்தினார்.

“இது ஹைவே ரிசர்வ், அங்கிள். ஒடைக்கத்தான் வேணும்,” என்றான் நிலம் அளக்க வந்த யுகேந்திரன்.

சுங்கை வேயில் எங்கள் வீட்டு வரிசையே வேலியோரம் நின்று ரசித்தது. வருங்கால நெடுஞ்சாலைக்கு ஒதுக்கிய புல்தரையில் பத்தடி திருடிச் சமையலறை கட்டி, கூசாமல் பாதரைக் கூப்பிட்டு அதை மந்திரிக்கவும் வைத்த உத்தமர் அவர்.

மறுநாள் காலை அதன் சிமெண்டுத் தரையில் சுவருக்குச் சுவர் லோரி டயர் தடம் கிடந்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. “பொறாமை புடிச்ச கூட்டம்!” என்று எங்களைத் திட்டிவிட்டு, உள்ளேயே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

பகல் ஒரு மணிக்கு மனைவி டொரத்தி அவருக்குச் சோறு வைத்தாள். ஒன்று பத்துக்கு அவள் போன் அடித்தது.

“ஈப்போவுல இருக்கேன்,” என்றார் கொர்னேலியஸ், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து. “ஒரு லோரிக்காரன் ஏத்திக்கிட்டு வந்துட்டான். நல்ல ரோடு.”

தட்டில் சோற்றிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

டொரத்தி சமையலறையை இடித்துவிட்டுச் செராஸுக்குக் குடிபோனாள். மகள் கேரன் அந்த யுகேந்திரனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கும் அப்பா வரவில்லை. ஈப்போவிலேயே இருக்கிறார். தான் போன ரோடு இன்னும் போடவில்லையாம், போட்டதும் வருவாராம்.