வளையத்தில் பொறித்த எண்

"கை நடுங்குது, மார்லிஸ். குண்டெல்லாம் சிதறுது. நாளைக்கு மிசூலா துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு நான் வரல," என்றான் ஆர்லன்.

தோட்டாவைத் தானே தயாரிக்கும்போது உறையின் கழுத்தை இறுக்க அவன் பயன்படுத்தும் புஷ் என்ற எஃகு வளையத்தை மார்லிஸ் வாங்கினாள். காலி உறை ஒன்றை அதில் இறுக்கி, அதன் கழுத்தை மைக்ரோமீட்டரால் அளந்தாள்.

"வளையத்துல பொறிச்சிருக்கிறது 266, அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்ச கணக்கு. இறுக்கினா வர்றது 268. எண்ணை நம்பி ஏமாந்திருக்க. கழுத்து லூசா இருந்தா குண்டு சிதறாம என்ன செய்யும்? உன் கைக்கு ஒண்ணுமில்ல. இந்தா, என்னோடது. அளந்து வெச்சது. தோட்டாவை மறுபடி ரெடி பண்ணு."

அன்றிரவே ஆர்லன் எல்லாத் தோட்டாக்களையும் அவளுடைய புஷ்ஷால் மறுபடி தயாரித்தான்.

மறுநாள் போட்டியில் வென்ற கோப்பையோடு அவளிடம் ஓடிவந்தான். "இது உனக்குச் சேர வேண்டியது, மார்லிஸ்!"

ஆறு வருடமாக அதே கோப்பையை வென்றுவந்த மார்லிஸ், தன் கையிலிருந்த இரண்டாம் பரிசைப் பார்த்துச் சிரித்தாள்.

"கோப்பை உன்கிட்டயே இருக்கட்டும். மொதல்ல என் புஷ்ஷைக் கொடு. அடுத்த வருஷம் வேணும்."