முப்பத்தொன்பது

காலை ஆறு பத்துக்கு விடுதிக் குளியலறை வரிசையில் உமையாள் முதலாவதாக நின்றாள். கல்லூரிக்கே வந்து ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்த எல்லோருக்கும் முந்தின நாள் வேலை உத்தரவு வந்திருந்தது. சம்பளம், ஊர், சேரும் தேதி. கடைசி வரியில், பிள்ளை பெற்றுக்கொள்ள ஒதுக்கிய வயது. வேறு வயதில் பெற்றால் வேலை போய்விடும். ஒரே குழுவில் இரண்டு பெண்கள் சேர்ந்தாற்போல் விடுப்பில் போகாமலிருக்க, மதிப்பெண் வரிசைப்படி வயதுகளைப் பங்கிட்டிருந்தார்கள்; மதிப்பெண் குறையக் குறைய வயது தள்ளிப்போகும்.

"எனக்கு முப்பத்திரண்டு. யாருகிட்டயாவது முப்பது இருக்கா? சனிக்கிழமை வாஷிங் மெஷின் முறையையும் சேத்துத் தரேன்," என்றாள் பின்னால் நின்றவள், வாயில் பிரஷ்ஷோடு. வரிசையே சிரித்தது. இதிலுமா பேரம் என்று உமையாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறைத்தோழி ஜெசிந்தா வாளியோடு வந்து ஒட்டி நின்றாள்.

"உனக்கு எத்தனைடி?"

"இருபத்தெட்டு."

"எனக்கு முப்பத்தொன்பது. ஒரு பேப்பர் போச்சுல்ல."

அந்தத் தேர்வு நாளன்று, டெங்குவில் கிடந்த உமையாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் ஜெசிந்தாதான்.

"மாத்திக்கலாமா? நீதான் கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டுத் திரியிறியே. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாப் போதும்."

சரி என்று சொல்லத்தான் உமையாள் வாயெடுத்தாள். அதற்குள் மனது தானாகவே பதினொரு ஆண்டு தள்ளிப்போகுமே என்று கழித்துப் பார்த்துவிட்டது.

குளியலறைக் கதவு திறந்தது. உமையாளின் முறை. ஜெசிந்தா வழிவிடவில்லை.

"என்னடி, நீயும் கணக்குப் போடுறியா?"