ஷிரீனுக்கு உடம்பு சரியில்லை

நாற்பது வருடத்தில் ஒருநாள்கூட மக்கர் செய்யாத ஷிரீன், விற்பதற்கு நாள் குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் படுத்துக்கொண்டாள்.

ஷிரீன் என்பது ஹோசி பேட்டிவாலாவின் பால் வெள்ளைக் கார். பம்பாயில், எங்கள் பார்ஸி காலனியில், காருக்குப் பெயர் வைக்காத மனிதரைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

வாங்க வந்த இளைஞர் நாசிக்கிலிருந்து வந்திருந்தார். 'பார்ஸிக்காரர் ஓட்டிய கார்' என்று விளம்பரத்தில் ஒரு வரி. பார்ஸிகள் காரைப் பிள்ளைபோல வளர்ப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம்; அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

சாவியைத் திருகினார். கிர்... கிர்... கிர்... அவ்வளவுதான்.

வெள்ளை சுத்ரே உள்சட்டையும் பைஜாமாவுமாகக் காலனி ஆண்கள் அத்தனை பேரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"பேட்டரி!"

"பேட்டரி போயிருந்தா இப்படிச் சுத்துமாய்யா? பெட்ரோல் ஏறல."

"பிளக்கைக் கழட்டித் துடைங்க."

"மொதல்ல நீ வாயைத் துடை, முட்டை ஒட்டிட்டிருக்கு."

மாடி ஜன்னலில் ஹோசியின் மனைவி கோர்ஷெத் தோன்றினாள்.

"என்ன கூத்து இது? வாரத்துக்கு ஒருநாள் அகியாரிக்குப் போய்க் கும்பிட்டு வர டாக்ஸி போதாதா? இன்னிக்கு அது கேட்டைத் தாண்டியே ஆகணும்!"

"நான் என்ன பண்றது கோர்ஷெத்? நானும் கொடுத்துடலாம்னுதானே நிக்கறேன்!" என்றார் ஹோசி, பைஜாமாப் பையில் கையை விட்டபடி.

அப்போதுதான் பக்கத்துக் கட்டடத்து ஜால் கத்ரக் வந்தார். கூட்டம் வழிவிட்டது.

ஷிரீனின் ஹாரன் சுருதி சேரவில்லை என்று ஜால் எப்போதோ சொல்லித் தொலைத்ததிலிருந்து, அவருக்கும் ஹோசிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தவிர்க்க முடியாத விஷயமென்றால் இருவரும் காரிடம் சொல்லுவார்கள்.

"ஷிரீன், நான் பார்க்கலாமான்னு உன் ஆளுகிட்ட கேளு."

"ஷிரீன், வேண்டாம்னு சொல்லு. கண்டவன் கை படக்கூடாது!" ஹோசி பானெட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"பார்க்கட்டும்! இந்தக் காலனியில இன்ஜின் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்!" மேலிருந்து தீர்ப்பு வந்தது.

மேல்முறையீடு கிடையாது. ஜால் பானெட்டுக்குள் தலையை விட்டார். ஒரு கிளிப் தொங்கிக்கொண்டிருந்த சின்ன மூடி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். படக்கென்று மூடினார். ஹோசியை ஒரு பார்வை பார்த்தார்.

"டிக்ரா, மகனே," என்றார் இளைஞரிடம், "உள்ள ஒரு பாகம் போயிடுச்சு. இந்த ஊர்ல கிடைக்காது. கப்பல்ல வரணும். எப்ப வரும்னு ஆண்டவனுக்கே தெரியாதுப்பா."

இளைஞர் ஷிரீனை ஏக்கத்தோடு ஒருமுறை தடவினார். கோர்ஷெத் கொடுத்த புதினா டீயைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் புறப்பட்டார்.

"மனுஷனா இருந்தா சரிபண்ணியிருப்பான்! பழைய பகையை இன்னிக்குத் தீர்த்துக்கிட்டான் பாரு!" கோர்ஷெத் ஜன்னலை அறைந்து சாத்தினாள்.

"வயித்தெரிச்சல் புடிச்சவன்," என்று கூட்டமும் ஜாலின் காதில் விழும்படி முணுமுணுத்துவிட்டுக் கலைந்தது.

ஜாலும் ஹோசியும் மட்டும் மிஞ்சினார்கள். ஜால் குனிந்து, முகப்பு விளக்கிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஷிரீன், உன் ஆளுகிட்ட சொல்லி வை. அடுத்த தடவை பாகத்தைக் கழட்டிப் பைஜாமாப் பையில ஒளிச்சு வெச்சா, மூடியோட ரெண்டு கிளிப்பையும் ஒழுங்கா மாட்டச் சொல்லு. எல்லாத் தடவையும் நானே வந்து நிப்பேனா?"