படிவத்தில் எழுதிய மூன்று

“மார்ச் 4. இன்று படிவத்தில் ஒரு பொய் எழுதிவிட்டேன்” என்று மாலை நேர எழுத்து வகுப்பில் நாட்குறிப்பைத் தொடங்கினாள் இன்பவல்லி. குடல் நோய்க்கான உதவித்தொகைப் படிவம் அது. ஒரு நாளில் எத்தனை முறை கழிப்பறை செல்கிறீர்கள் என்ற கேள்விக்கு, கூச்சத்தில் மூன்று என்று போட்டிருந்தாள். பகலில் அலுவலக ஜன்னல் வரிசையில் அவளுக்குப் பின்னால் கோலூன்றி நின்ற ரெஜினா அக்கா எட்டிப் பார்த்தாள்.

“மூணா? காலைலேர்ந்து நீ அஞ்சு தரம் ஓடிட்ட. உன் பைய நகத்தி நகத்தி இடம் புடிச்சவ நானு. இதக் குடுத்தா, நல்லாத்தானே இருக்கேன்னு அனுப்பிருவாங்கடி.”

தன் அவஸ்தையை ஒருத்தி எண்ணியிருக்கிறாள் என்பதே இன்பவல்லிக்கு நெஞ்சை நிறைத்தது. இருவர் முறையும் வருமுன் ஜன்னலை மூடிவிட்டார்கள்.

நாளை: புதுப் படிவத்தில் ஒரு நாளுக்கு உள்ளபடியே பதினான்கு என்று எழுத வேண்டும். சீக்கிரம் போய் அக்காவுக்கும் இடம் பிடிக்க வேண்டும்.